யார் சொன்னால் அருள்வாக்கு, யார் சொன்னால் பைத்தியம்?
கோசா மக்களும் மனச்சிதைவும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தாமல் அப்படியே அச்சிடுகிறோம்.)



தலைப்பைக் கேட்டதும் ரெண்டு மூணு தோழர்கள் என்கிட்ட கேட்டாங்க: 'தென்னாப்பிரிக்கா பத்திப் பேசுறதுன்னா நிறவெறி பத்திப் பேசலாம், மண்டேலா பத்திப் பேசலாம், பிக்கோ பத்திப் பேசலாம். இதென்ன பைத்தியக்காரங்களைப் பத்தி?' நியாயமான கேள்விதான். ஒரு ஆட்சி ஒருத்தரை அடக்கணும்னா ஜெயில் இருக்கு, துப்பாக்கி இருக்கு. சட்டத்தை மீறாத ஒருத்தரை என்ன செய்வது? அங்கேதான் மனநோய் மருத்துவமனை வருகிறது. அதே சமயம், மெய்யாகவே நோய் வந்து தவிக்கிற ஒரு கறுப்பினத்தவரை அதே ஆட்சி என்ன செய்தது என்கிற கேள்வியும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டு.

கோசா மக்கள் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாய்மொழி கோசா. அந்தப் பெயரின் முதல் ஒலியை நம்மால் எழுத முடியாது. மாட்டை ஓட்டும்போது நாக்கைக் கடைவாய்ப் பக்கம் சுண்டி ஒரு சத்தம் போடுவோமே, கிட்டத்தட்ட அது. மண்டேலா கோசா. ஸ்டீவ் பிக்கோ கோசா. ஐரோப்பியக் குடியேறிகளோடு நூறு வருஷம், 1779லிருந்து 1879 வரைக்கும், ஒன்பது போர் நடத்திய மக்கள் இவர்கள்.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கிசோஃப்ரீனியா என்பதைத் தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம். பக்கத்தில் ஆளில்லாதபோதே குரல் கேட்பது, எண்ணங்கள் கோவையிழப்பது, ஆசாபாசம் வற்றிப்போவது, எந்த ஆதாரம் காட்டினாலும் அசையாத நம்பிக்கைகள் பிடித்துக்கொள்வது, இவையெல்லாம் அதன் குறிகள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து முப்பது வயசுக்குள்ளே தலைகாட்டும். உலகத்தில் எந்த இனத்தையும் இது விட்டுவைக்கவில்லை. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அந்த அசையாத நம்பிக்கையை டாக்டர்கள் 'டெல்யூஷன்' என்கிறார்கள். நான் மருட்சி என்று சொல்லப்போகிறேன். நம்ம பக்கத்தில் சாமியாடியை மருளாடி என்று சொல்கிறோம் பாருங்க, அந்த மருள்தான். ஒரே வேர்ச்சொல்லில் சாமியும் இருக்கிறது, நோயும் இருக்கிறது. இன்றைய பிரச்சினையே அதுதான்.

'நான் ஏசுவின் தம்பி', 'மூதாதைகள் என் வயிற்றிலிருந்து பேசுகிறார்கள்', 'கடவுள் எனக்கு மட்டும் ரேடியோவில் கட்டளை அனுப்புகிறார்' என்று ஒரு நோயாளி சொன்னால் அது மத மருட்சி. 2015ல் கேப் பகுதி மனநல மருத்துவர்கள் கோசா நோயாளிகளிடம் இந்த மத மருட்சியைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார்கள். ஆனால் எதை மருட்சி என்பது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஒரு நிபந்தனை போட்டது. அந்த நம்பிக்கை அந்த ஆளின் பண்பாட்டில் மற்றவர்கள் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிற ஒன்றாக இருக்கக் கூடாது. அதாவது ஊரே நம்பினால் அது மதம், ஒருத்தர் மட்டும் நம்பினால் அது நோய். கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? ஊர் என்றால் எது, அதை யார் தீர்மானிப்பது என்று கேளுங்கள். மாஜிஸ்திரேட்டா, பாதிரியாரா, கிராமத்துக் கிழவியா?

கொஞ்சம் பின்னால் போவோம். 1819ல் மகாண்டா என்கிற கோசா தீர்க்கதரிசி. வெள்ளையருக்கு ஒரு கடவுள், கறுப்பருக்கு ஒரு கடவுள், கறுப்பரின் கடவுளே பெரியவர் என்றார். ஆயிரக்கணக்கான வீரர்களைத் திரட்டி கிரகாம்ஸ்டவுன் ராணுவ நகரத்தைத் தாக்கினார். தோற்றார். ராபன் தீவில் அடைத்தார்கள். தப்பிக்கும்போது கடலில் மூழ்கிச் செத்தார். வெள்ளையர் எழுதிய சரித்திரத்தில் அவர் மதவெறியன். 2018ல் அதே கிரகாம்ஸ்டவுனுக்கு மகாண்டா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ராபன் தீவில் 1846லிருந்து தொழுநோயாளிகளையும் மனநோயாளிகளையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிறகு மண்டேலாவை அடைத்ததும் அங்கேதான். கைதி, குஷ்டரோகி, பைத்தியம் மூணு பேருக்கும் ஒரே தீவு. ஆட்சிக்கு இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்பதற்கு வேற சாட்சி வேண்டாம்.

1856ல் நொங்கவூசே என்கிற சிறு பெண். ஆற்றங்கரையில் மூதாதைகளைப் பார்த்ததாகச் சொன்னாள். மாடுகளையெல்லாம் கொன்றுவிடுங்கள், விதைக்காதீர்கள், செத்தவர்கள் புதிய மாடுகளோடு எழுந்து வருவார்கள் என்பது அவள் கொண்டுவந்த செய்தி. அப்போது ஐரோப்பாவிலிருந்து வந்த நுரையீரல் நோயில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. எட்டாவது போரில் தோற்று மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. சுமார் 4 லட்சம் மாடுகளைக் கொன்றார்கள். சுமார் 40,000 பேர் பட்டினியில் செத்தார்கள். கவர்னர் ஜார்ஜ் கிரே பட்டினியில் வந்தவர்களைக் கூலிகளாகப் பதிந்து காலனிக்குள் அனுப்பினார், காலியான நிலத்தை எடுத்துக்கொண்டார். ஜெஃப் பியர்ஸ் என்கிற வரலாற்றாளர் இதைப் பற்றி 1989ல் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். இதை 'ஒரு இனமே பைத்தியம் பிடித்துத் தற்கொலை செய்துகொண்டது' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்பதைக் கோசா மக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் மிஷன் பாதிரிகளுக்கும் பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னால் விசுவாசம், ஆற்றங்கரையில் கறுப்புச் சிறுமி சொன்னால் சித்தப்பிரமை!

இப்ப முக்கியமான ஆளுக்கு வருகிறேன். நொன்தேத்தா இங்க்வென்க்வே. 1875 வாக்கில் பிறந்தவர். கிங் வில்லியம்ஸ் டவுன் பக்கம் கூலீலே என்கிற கிராமம். எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் இல்லை, பிள்ளைகள் உண்டு. 1918ல் இன்ஃபுளுயன்சா வந்தது. தென்னாப்பிரிக்காவில் சில வாரங்களுக்குள் சுமார் 3 லட்சம் பேர் செத்தார்கள். புதைக்க ஆளில்லாமல் குடிசையோடு எரித்த வீடுகள் உண்டு. நொன்தேத்தாவும் நோயில் விழுந்தார், பிழைத்தார். விழுந்து கிடந்தபோது கனவுகள். இந்தக் காய்ச்சல் கடவுள் தரப்போகிற கடைசித் தீர்ப்பின் சின்ன ருசிதான், போய் மக்களைத் திருத்து என்று ஒரு குரல் சொன்னது.

அவர் என்ன பிரசங்கம் செய்தார் தெரியுமா? குடிக்காதே. சூனியம் வைக்காதே. அடுத்தவன் பெண்டாட்டியிடம் போகாதே. ஒற்றுமையாயிரு. அங்கே அப்போது கோசா சமூகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சிவப்பு மண் பூசிப் பழைய வழக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு பக்கம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைக்கமாட்டார்கள் என்கிற அளவுக்கு ஏளனம். இந்தப் படிக்காத பெண் இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்தார். வெள்ளை உடை உடுத்திய கூட்டம் பெருகியது.

இதில் எந்தச் சட்டம் மீறப்பட்டது? எதுவும் இல்லை. ஆனால் 1921 மே 24ஆம் தேதி புல்ஹூக்கில் ஒரு படுகொலை நடந்திருந்தது. ஈனாக் எம்கிஜிமா என்கிற தீர்க்கதரிசியின் பின்னே திரண்ட 'இஸ்ரயேலர்கள்' உலக முடிவுக்காக இன்டாபெலாங்கா மலையடியில் காத்திருந்தார்கள். அரசு நிலத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். போகவில்லை. சுமார் 800 போலீஸார் எந்திரத் துப்பாக்கியோடு போனார்கள். செத்தவர்கள் 163லிருந்து 200 வரை என்று கணக்குகள். அதுக்கப்புறம் கூட்டம் சேர்க்கிற எந்தக் கறுப்புத் தீர்க்கதரிசியைப் பார்த்தாலும் அதிகாரிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. சுட்டால் பெயர் கெடும், வழக்குப் போடக் குற்றம் இல்லை. 1916ஆம் வருஷத்து மனநோய்ச் சட்டம் கைக்கு வசதியாக இருந்தது.

1922 கடைசியில் நொன்தேத்தாவை ஃபோர்ட் போஃபோர்ட் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1923 துவக்கத்தில் பிரசங்கம் செய்யக்கூடாது என்கிற நிபந்தனையோடு விட்டார்கள். அவர் பிரசங்கம் செய்தார். மறுபடி பிடித்தார்கள். மருத்துவமனை வாசலிலேயே சீடர்கள் கூடிவிடுகிறார்கள் என்று 1924ல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிரிட்டோரியாவில் இருக்கிற வெஸ்கோப்பிஸ் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். டாக்டர்கள் எழுதிய நோயின் பெயர் 'டிமென்ஷியா பிரேகாக்ஸ்'. மனச்சிதைவு நோய்க்கு அந்தக் காலத்துப் பெயர் அது. குரல் கேட்கிறது என்கிறாள், கடவுள் அனுப்பினார் என்கிறாள், வேறென்ன வேண்டும்? அவரை 'குணப்படுத்தி' விடுவதற்கு அவர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. கடவுள் என்னிடம் பேசவில்லை என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. சொல்லாததே நோய் தீரவில்லை என்பதற்கு ஆதாரம்! இந்தக் கண்ணியில் மாட்டிக்கொண்டவர் வெளியே வர வழியே கிடையாது.

1926 கடைசியில் சீடர்கள் சிலர் கால்நடையாகக் கிளம்பினார்கள். பெண்களும் ஆண்களும் 55 நாள் நடந்து பிரிட்டோரியா போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் அம்மாவை விடுங்கள் என்றார்கள். விடவில்லை. 1930ல் மறுபடி கிளம்பினார்கள், வழியிலேயே தடுத்துவிட்டார்கள். 1935 மே 20 அன்று நொன்தேத்தா அந்த மருத்துவமனையிலேயே புற்றுநோயில் செத்துப்போனார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே. பிணத்தைக் கேட்டார்கள், தரவில்லை. ஏழைகளுக்கான அடையாளமில்லாத குழியில் புதைத்தார்கள். ராபர்ட் எட்கர் என்கிற அமெரிக்க வரலாற்றாளரின் தேடலால் குழியைக் கண்டுபிடித்து, 1998ல் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கூலீலேவுக்குக் கொண்டுபோனார்கள். 63 வருஷத்துக்குப் பிறகு. அவர் பெயரில் இருந்த சபை அதுவரை கலையாமல் இருந்தது. எட்கரும் ஹிலரி சபையரும் சேர்ந்து 2000த்தில் இதைப் புத்தகமாக எழுதினார்கள். கிடைத்தால் படியுங்கள்.

இந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கு ஒரு கல்வி இருந்தது, அந்தக் கல்விதான் விஷயம். குவீன்ஸ்டவுன் மருத்துவமனையில் லாப்ஷர் என்கிற மனநல மருத்துவர் இருந்தார். கோசா மொழி பேசும் தெம்பு, ஃபிங்கோ மக்களைப் பற்றி 1937ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். கோசா வைத்தியர்களின் அழைப்பு அனுபவத்தையே மனச்சிதைவோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். 1953ல் கரோதர்ஸ் என்பவர், உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடாகவே, ஆப்பிரிக்கனின் மூளையை முன்பகுதி அறுத்தெடுக்கப்பட்ட ஐரோப்பியனின் மூளையோடு ஒப்பிட்டார். ஃபனான் இதை எடுத்துக் கிழித்தது உங்களுக்குத் தெரியும். கென்யாவில் மௌமௌ கிளர்ச்சியைக்கூட மனக்கோளாறு என்று அரசுக்கு எழுதிக்கொடுத்த ஆள் இந்தக் கரோதர்ஸ்.

சரி, மக்கள் தரப்புக்கு வருவோம். கோசா கிராமத்தில் ஒரு பையன் திடீரென்று தனக்குள் பேசுகிறான், ஓடுகிறான், துணியைக் கிழிக்கிறான். ஊர் என்ன சொல்லும்? இரண்டு பெயர் தயாராக இருக்கிறது.

ஒன்று, அமஃபுஃபுன்யானா. யாரோ பொறாமையில் வைத்த வினை. கல்லறை மண்ணையும் பிணம் தின்ற எறும்பையும் சேர்த்துச் செய்த மருந்தைச் சாப்பாட்டில் கலந்துவிட்டார்கள், அதனால் ஆவிகள் கூட்டமாக உள்ளே புகுந்துவிட்டன, வயிற்றிலிருந்து வேறு வேறு பாஷையில் பேசுகின்றன என்பார்கள். இது ஆதிகாலத்து நம்பிக்கை என்று நினைக்காதீர்கள். சுரங்க வேலைக்கும் நகரத்துக்கும் ஆள் பிடித்துக்கொண்டு போன காலத்தில்தான், போன நூற்றாண்டில், பரவியது. ஜூலு மக்களிடையே இதே ஆவிபிடிப்பை ஆராய்ந்த ஹேரியட் இங்குபானே என்கிற மானுடவியலாளர் 1977ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார்: அந்த ஆவிகளில் வெள்ளைக்காரர்கள் உண்டு, சோத்தோக்கள் உண்டு, இந்தியர்களும் உண்டு! ஆமா தோழர்களே, நம்ம ஆட்கள். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் போய் இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வாரிசுகள். பக்கத்துத் தெருக் கடைக்காரரும் பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரியும் ஒரு ஜூலுப் பெண்ணின் வயிற்றுக்குள் ஆவியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரால் தன் வாழ்க்கை நெருக்கப்படுகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியதோ அவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

இரண்டாவது பெயர் உகுத்வாசா. அமாவாசை கழிந்து புதுப்பிறை தெரிவதற்கும் கோசா மொழியில் இதே சொல். மூதாதைகள் ஒருவரை வைத்தியராக, அதாவது இகிர்ஹாவாக, அழைக்கிறார்கள். கனவு, உடம்பு வலி, தனிமை, குரல் எல்லாம் அந்த அழைப்பின் குறி. அவர் ஒரு மூத்த இகிர்ஹாவிடம் போய் வெள்ளை மண் பூசி, வெள்ளை மணி கட்டி, வருஷக்கணக்கில் பழகவேண்டும். கடைசியில் அவர் ஊருக்கு வேண்டியவர் ஆகிறார். அமஃபுஃபுன்யானா என்றால் பாதிக்கப்பட்டவர், உகுத்வாசா என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். குறி கிட்டத்தட்ட ஒன்று, மரியாதை நேர் எதிர்.

டானா நீஹவுஸ் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 200க்கும் மேற்பட்ட கோசா மனச்சிதைவு நோயாளிகளைக் கேட்டு 2004ல் எழுதினார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஊரில் முதலில் சொன்ன பெயர் அமஃபுஃபுன்யானா. உகுத்வாசா என்று சொல்லப்பட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் குடும்பங்களில் ஏற்கெனவே மனநோய் இருந்தது அதிகம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? பரம்பரையாக நோய் இருக்கிற குடும்பம் அதற்கு ஒரு கௌரவமான பெயரைத் தேடி வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

வேரா பூர்மன் என்று ஒரு வெள்ளைப் பெண் மருத்துவர் இருந்தார். கெய்ஸ்கம்மாஹூக் பகுதியில் மோங்கேசி டீசோ என்கிற இகிர்ஹாவிடம் பல வருஷம் பழகி, 1984ல் 'இரண்டு உலகங்களில் வாழ்வது' என்கிற பொருளில் தலைப்பு வைத்துப் புத்தகம் எழுதினார். இகிர்ஹாவின் சிகிச்சைக்குள் ஆழமான அறிவு இருக்கிறது, அதைக் கேலி செய்யாதீர்கள் என்றார். நல்ல மனசு. ஆனால் லெஸ்லி ஸ்வார்ட்ஸ் போன்ற பின்னால் வந்தவர்கள் ஒரு ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள். வெள்ளையன் உலகம் வேறு, கறுப்பன் உலகம் வேறு என்பதுதானே நிறவெறி அரசின் 'தனித்தனி வளர்ச்சி'க் கொள்கையும்? அவங்க மனசு வேற மாதிரி, அவங்க வைத்தியம் அவங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டால், கறுப்பின நோயாளிக்கு மருந்தும் படுக்கையும் டாக்டரும் தரவேண்டிய செலவு மிச்சம். பண்பாட்டைப் புகழ்கிறவன் எல்லாம் நண்பன் இல்லை. இதை நாம நல்லா ஞாபகம் வச்சுக்கணும்.

நோயாளிகள் என்னதான் சொல்கிறார்கள்? 200 கோசா நோயாளிகளின் மருட்சிகளைப் பற்றி மேகன் கேம்பல் குழு 2017ல் வெளியிட்டது. அதிகம் இருந்தது மத மருட்சி அல்ல, 'என்னைத் துன்புறுத்தப் பார்க்கிறார்கள்' என்பதுதான். என்மேல் பொறாமை, எனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது. ஆக நோய்க்கு ஒரு வடிவம் உண்டு, அது எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்று. அதற்குள் ஊற்றுகிற சரக்கு அந்தந்த ஊர்ச் சரக்கு. ஒரு ஊரில் உளவுத்துறை, ஒரு ஊரில் அத்தைமகன் வைத்த வினை.

இங்கே ஒரு சங்கடம். 'போலீஸ் என்னை எப்பவும் பின்தொடர்கிறது, எனக்கு வருகிற தபாலைப் பிரிக்கிறார்கள், என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள், ஒருநாள் கொன்றுவிடுவார்கள்' என்று 1976ல் கிங் வில்லியம்ஸ் டவுனில் ஒரு இளைஞர் ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தால் அது மருட்சியா? அந்த ஊரில் தடையுத்தரவின்கீழ் இருந்த ஸ்டீவ் பிக்கோவுக்கு இதில் ஒவ்வொன்றும் நடந்தது. 1977 செப்டம்பர் 12ல் அவரைக் கொன்றும்விட்டார்கள். அவர் மூளையில் அடிபட்டிருந்ததைப் பார்த்த மாவட்ட டாக்டர்கள் போலீஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவர் நடிக்கிறார் என்கிற பேச்சுக்கு இடம்கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்டவரின் வாயிலிருந்து வருவது மெய்யா மருட்சியா என்று எடைபோடுகிற தராசு யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு இப்ப நான் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் பேசணும். நம்ம சிறுபத்திரிகை நண்பர்கள் ஃபூக்கோவைப் படித்துவிட்டு, பைத்தியம் என்பதே அதிகாரத்தின் சொல்லாடல், மனநோய் என்று ஒன்று கிடையாது, பைத்தியமே கலகம் என்று எழுதுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது. மனச்சிதைவு வந்த ஒருவர் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். செத்துப்போ செத்துப்போ என்று காதுக்குள் குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது கலகமாக இருக்காது. நொன்தேத்தாவுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருந்தது, அவர் பேச்சில் கோவை இருந்தது, பிளந்த சமூகத்தை அவர் ஒட்டவைத்தார். அமஃபுஃபுன்யானா வந்த பையனுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவன் ஊரைச் சேர்க்கவில்லை, ஊரிலிருந்து உதிர்கிறான். இருவரும் 'கடவுள் என்னிடம் பேசினார்' என்றே சொல்லலாம். சொல்லப்பட்ட வாக்கியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஆள் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, பயத்தில் இருக்கிறாரா, கூட ஆளிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபனானை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர். 1953லிருந்து 1956 வரை. நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், மின்சார சிகிச்சையும் கொடுத்தார். முதலில் ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பத்திரிகை, சினிமா, கொண்டாட்டம் என்று ஏற்பாடு செய்தார், நோயாளிகள் தேறினார்கள். அதையே முஸ்லிம் ஆண்கள் வார்டில் செய்தார், படுதோல்வி. அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று யோசித்தார். தான் ஐரோப்பிய வாழ்க்கையை அவர்கள்மேல் திணித்தது புரிந்தது. பிறகு ஊர்ப்பக்கத்து மாதிரி ஒரு காபிக்கடை, பண்டிகை, கதைசொல்லி என்று மாற்றினார். நோய் நிஜம் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, சிகிச்சை அந்த மனிதரின் வாழ்க்கைக்குள்ளிருந்து வரவேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

மரபணு ஆய்வைப் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் நம் தோழர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே சந்தேகம். 2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மனச்சிதைவு உள்ள 909 கோசா மக்கள், நோயில்லாத 917 கோசா மக்கள். நோயாளிகளிடம் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற சந்திப்புகளில் வேலைசெய்யும் மரபணுக்களைக் கெடுக்கிற அரிய மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. இதே முடிவு ஏற்கெனவே ஸ்வீடன் மக்களிடமும் கிடைத்திருந்தது. அப்ப என்ன அர்த்தம்? ஸ்வீடன்காரன் மூளையிலும் கோசா மூளையிலும் கெட்டுப்போகிற இடம் ஒன்று. கரோதர்ஸ் சொன்ன 'ஆப்பிரிக்க மனம்' என்கிற சரக்கு அங்கே இல்லை. அதோடு, மனித மரபணு வேறுபாடு ஆப்பிரிக்காவில்தான் மிக அதிகம். அப்படியிருந்தும் இந்தத் துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை மட்டும் வைத்து நடந்தன. அறிவியலிலும் ஒதுக்குப்புறம் உண்டு.

கடைசியாக, நோயாளிகளை எங்கே வைத்தார்கள் என்பது. 1960களில் நிறவெறி அரசு ஒரு வியாபாரம் கண்டுபிடித்தது. ஸ்மித் மிட்செல் என்கிற தனியார் கம்பெனி. கைவிடப்பட்ட சுரங்கத் தொழிலாளர் கொட்டடிகளை மனநோய் விடுதிகளாக மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பின நோயாளிகள். தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று அரசு பணம் கட்டியது. நோயாளி குணமாகிப் போனால் யாருக்கு நஷ்டம்? 1976ல் மனநோய் விடுதிகளைப் பற்றிப் பொய்த் தகவல் வெளியிட்டால் குற்றம், படம் எடுத்துப் போட்டால் குற்றம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 1978ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் குழு போய்ப் பார்த்தது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள் கறுப்பின நோயாளிகளிடையே அதிகம் என்று அறிக்கை கொடுத்தது.

1994ல் விடுதலை வந்தது. 2002ல் நல்லதொரு மனநலச் சட்டம் வந்தது. அந்தப் பழைய கம்பெனி கைமாறி, பெயர் மாறி, லைஃப் எசிடிமெனி ஆனது. எசிடிமெனி என்றால் மாண்பின் இடம் என்று பொருள். 2015ல் கௌடெங் மாகாண அரசு, நம்ம ஆட்கள் என்று உலகமே கொண்டாடிய கட்சியின் அரசு, செலவு அதிகம் என்று அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 2016ல் 1,400க்கும் மேற்பட்ட நோயாளிகளை உரிய அனுமதியில்லாத தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். திறந்த வண்டியில் ஏற்றி, சிலரைக் கட்டிவைத்து. எந்த நோயாளி எங்கே என்று குடும்பங்களுக்குச் சொல்லவில்லை. பசியில், குளிரில், தண்ணீரில்லாமல் 144 பேர் செத்தார்கள். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி திக்காங் மொசெனெகே 2018ல் குடும்பங்களுக்குத் தலா 12 லட்சம் ராண்ட் நஷ்டஈடு தரச் சொன்னார். 2024 ஜூலையில் நீதிமன்ற விசாரணை, ஒன்பது பேரின் சாவுக்கு அன்றைய மாகாண சுகாதார அமைச்சரும் ஒரு அதிகாரியும் அலட்சியத்தால் காரணம் என்று சொன்னது. கறுப்பின அமைச்சர், கறுப்பின அதிகாரி, செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். ஊரில் மூதாதையோடு பேசிக்கொண்டிருந்தவருக்கும் காப்பீடு உள்ளவர் போகிற தனியார் டாக்டருக்கும் நடுவில் இன்னும் அந்தக் கொட்டடிதான் இருக்கிறது.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நீங்கள் இகிர்ஹாவை ஆதரித்துப் பேசுகிறீர்கள். பகுத்தறிவாளர் செய்கிற வேலையா இது?' நல்ல கேள்வி. மூதாதை அழைக்கிறார் என்பதை நான் நம்பவில்லை. சூனியம் வைத்துவிட்டாள் என்று யாரோ ஒரு கிழவியைக் காட்டுகிறபோது அந்தக் கிழவியை அடித்துக் கொன்ற சம்பவங்கள் அங்கே உண்டு. அதை எந்தப் பண்பாட்டின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கேப் டவுன் சேரிப் பகுதியில் நோய் வந்த பையனை அம்மா முதலில் எங்கே கூட்டிப்போகிறாள்? இகிர்ஹாவிடம், அல்லது ஜெப வைத்தியரிடம். அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அவள் பாஷையில் பேசுகிறார், அரைநாள் உட்கார்ந்து கேட்கிறார். அரசு மருத்துவமனையில் கூட்டம் நெரிகிறது, டாக்டருக்குக் கோசா தெரிந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. பல இடங்களில் துப்புரவுத் தொழிலாளியையோ நர்ஸையோ கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வார்கள். 'மூதாதை பேசுகிறார்' என்று பையன் சொன்னதை அந்தத் தொழிலாளி 'குரல் கேட்குதாம்' என்று சுருக்கிச் சொல்வார். டாக்டர் எழுதிக்கொள்வார். 2007ல் பாரம்பரிய வைத்தியர்களைப் பதிவு செய்கிற சட்டம் வந்திருக்கிறது. பதிவு, பயிற்சி, முற்றின நோயை மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு எல்லாம் காகிதத்தில் இருக்கிற அளவுக்கு ஊரில் இல்லை. இகிர்ஹா கொடுக்கிற வேரோடு மாத ஊசியும் போட்டுக்கொள்ளட்டும், ஊசியை நிறுத்தச் சொல்கிற இகிர்ஹாவைத் தடுங்கள், பையனைக் கட்டிப்போடுகிறவரைப் பிடியுங்கள், கோசா தெரிந்த டாக்டரைப் போடுங்கள் என்பதுதான் என் பதில்.

இன்னொரு சீட்டு. 'நொன்தேத்தாவுக்கு நோய் இருந்ததா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.' முடியாது தோழர். நம்மிடம் இருக்கிற மருத்துவக் குறிப்பு எல்லாம் அவரை வெளியே விடக்கூடாது என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள் காலத்தில் எழுதியது. அவரோடு நடந்து, அவரோடு ஜெபித்து, அவருக்காக 55 நாள் நடந்தவர்களிடம் எந்த டாக்டரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்லியிருக்கக்கூடியதும் அந்தக் கோப்பில் இருந்திருந்தால் பேசலாம்.